சந்திரபாபுவை அழித்தது யார்?

மார்ச் 8, காலை 9.10 – வாசகர் கேள்வி

நேற்று டிவியில் 'சபாஷ் மீனா' பார்த்தோம். நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு எப்பேர்ப்பட்ட கலைஞன்! 46 வயதில் போய்விட்டார். எம்.ஜி.ஆரை வைத்துப் படம் எடுக்கப் போய்த்தான் சந்திரபாபு நடுத்தெருவுக்கு வந்தார், அந்த ஏமாற்றத்தில் குடித்தே செத்தார் என்று என் அப்பா அடித்துச் சொல்கிறார். அந்த 'மாடி வீட்டு ஏழை' வெளிவந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 8, காலை 11.40 – பதில்

பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் வருடங்களைப் பாருங்கள். 'மாடி வீட்டு ஏழை' தொடங்கி நின்றுபோனது அறுபதுகளின் முற்பகுதியில். அவர் இறந்தது 1974 மார்ச்சில். நடுவில் ஏறக்குறைய பத்து வருடம் கிடக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1966ல் தானே இயக்கி, தானே நடித்து 'தட்டுங்கள் திறக்கப்படும்' எடுத்தார். சாவித்திரிதான் கதாநாயகி. அதே வருடம் 'பறக்கும் பாவை'யில் எம்.ஜி.ஆருடனேயே நடித்தார். 1969ல் எம்.ஜி.ஆரின் சொந்தப் படமான 'அடிமைப்பெண்'ணிலும் இருக்கிறார். "எம்.ஜி.ஆர். கதவைச் சாத்திவிட்டார்" என்ற கதைக்கு இந்த இரண்டு படங்களும் இடம் கொடுக்கவில்லை.

எம்.ஜி.ஆர். பக்கம் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. படம் நின்றதில் சந்திரபாபுவுக்குப் பெரிய நஷ்டம். கால்ஷீட் கிடைக்காமல்தான் நின்றது என்பது அவர் தரப்பு. அந்த வலி அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் ஒரு மனிதரின் சாவுக்கு ஒரே ஒரு வில்லனைக் காட்டிவிட்டால் நமக்கு மனது ஆறிவிடுகிறது. அப்புறம் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

மார்ச் 8, மதியம் 12.05

அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். கார் மாடி வரைக்கும் ஏறிப் போகிற மாதிரி திட்டம் போட்டு அவர் கட்டத் தொடங்கிய வீடு கைவிட்டுப் போனது. அந்தப் படத்துக்கு வாங்கிய கடனில்தான் போனது. அது உண்மை.

மார்ச் 8, இரவு 10.30

காலையில் எழுதியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பப் படித்தேன். முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று பட்டது.

எல்லோரும் குடி, குடி என்கிறோம். சந்திரபாபுவுக்குப் பெத்தடின் பழக்கமும் இருந்தது என்று அவரைப் பற்றி எழுதிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை எல்லோரும் கமா போட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை, ஏனென்றால் நான் வேலை பார்த்ததெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில். பெத்தடின் ஆம்பூலைக் கையில் எடுத்து உடைத்து ஊசியில் ஏற்றியே என் வாலிபம் போனது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்த வலி மருந்து இது. மார்ஃபின் வகையறாதான், ஆனால் அபினியிலிருந்து எடுப்பதில்லை, ரசாயனமாகச் செய்வது. வந்த புதிதில் மார்ஃபின் மாதிரி அடிமையாக்காது என்று டாக்டர்களே நம்பினார்கள். பிரசவ வலிக்குக்கூடப் போட்டார்கள். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம், தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். போட்ட சில நிமிடத்தில் முகம் தளர்ந்துவிடும். வலி மட்டும் போவதில்லை. பயம், கவலை, நாளைக்கு என்ன என்ற நினைப்பு எல்லாமே சேர்ந்து போய்விடும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அங்கேதான் ஆபத்து. மார்ஃபினைவிட சீக்கிரம் இறங்குவதால் அடுத்த ஊசி சீக்கிரம் தேவைப்படுகிறது. அளவு கூடக் கூட, அது உடம்புக்குள் சிதைந்து உண்டாகிற இன்னொரு பொருள் ரத்தத்தில் தங்கி நரம்பைத் தாக்கும். கை நடுங்கும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பே வரும். விரல் நுனி வரைக்கும் நடிக்கிற ஒரு நடிகனுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு அது இரட்டைப் பூட்டு அலமாரியில் இருக்கும். ஒரு சாவி சிஸ்டரிடம், ஒரு சாவி டாக்டரிடம். ரெஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. உடைத்த காலி ஆம்பூலைத் திருப்பிக் காட்டினால்தான் புதிது கிடைக்கும். இவ்வளவு காவல் இருந்தும் அது எங்களுக்குள்ளேயே ஆளைத் தின்றது. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் எனக்கு சீனியராக ஒருவர் இருந்தார். ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். ஒரே குத்தில் ஏற்றுவார். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் வர ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. வார்டில் பேஷன்ட் வலியில் துடிப்பார், சார்ட்டில் பெத்தடின் போட்டதாக இருக்கும். உள்ளே போனது வெறும் டிஸ்டில்டு வாட்டர்.

தெரியவந்தபோது நிர்வாகம் போலீசுக்கும் போகவில்லை, வைத்தியத்துக்கும் அனுப்பவில்லை. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கேயும் அதே அலமாரி, அதே சாவி. ஒரு நாள் பாத்ரூமில் ஊசியோடு கிடந்தார்.

அவருக்கு எந்த எம்.ஜி.ஆரும் துரோகம் செய்யவில்லை.

மார்ச் 9, காலை 7.15

கீழே ஒரு தம்பி "அப்போ எல்லாக் கடையிலும் சரக்கு கிடைத்திருக்கும், குடித்திருப்பார்" என்று எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. சந்திரபாபு உச்சத்தில் இருந்த காலம் முழுக்க மெட்ராஸில் மதுவிலக்கு. 1948ல் மாகாணம் முழுக்க வந்தது, 1971ல்தான் தளர்த்தினார்கள். 1974லேயே மறுபடியும் கடைகளை மூடினார்கள். கடை திறந்திருந்த அந்தச் சில வருடங்கள் அவருடைய கடைசி வருடங்கள்.

அப்படியென்றால் ஐம்பதுகளில், அறுபதுகளில் குடித்தவர்கள் எப்படிக் குடித்தார்கள்? டாக்டர் சர்டிஃபிகேட்டோடு பர்மிட் வாங்கினால் கிடைக்கும். இல்லாவிட்டால் திருட்டுத்தனமாக வரும். பணமும் செல்வாக்கும் இருந்தால் தடையே இல்லை. ஏழை பிடிபட்டால் ஜெயில். புகழ் இருப்பவனுக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கும். புகழ் ஒருவருக்குச் செய்கிற கெடுதல்களில் இதுதான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போக, 'இதோ அண்ணே' என்கிறவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பெத்தடினும் அப்படித்தான். அது கடையில் தொங்குகிற பொருள் இல்லை. யாரோ ஒருவர் சீட்டு எழுதினால்தான் வரும்.

மார்ச் 9, மாலை 6.50

'திடீர் புகழ் தலைக்கேறியது' என்று ஒருவர் எழுதியதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். தூத்துக்குடியில் 1927ல் பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். சிறு வயதில் சில ஆண்டுகள் கொழும்பில் வளர்ந்தவர். 1947ல் 'தன அமராவதி'யில் முதல் வேஷம். அப்புறம் வருடக்கணக்கில் ஸ்டுடியோ வாசல் வாசலாக அலைச்சல். 1952ல், வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில், ஜெமினி ஸ்டுடியோவில் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஜெமினி அதிபர் வாசனின் 'மூன்று பிள்ளைக'ளில் வேஷம் கிடைத்தது.

எம்.ஜி.ஆருடன் சண்டைக்கு முன்னால், கடனுக்கு முன்னால், புகழுக்கே முன்னால், 25 வயதில் இந்த மனிதருக்குள் அவ்வளவு பெரிய இருட்டு இருந்திருக்கிறது. அதை வைத்தியம் செய்ய வேண்டிய நோயாக அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கோர்ட்டில் நிறுத்தினார்கள். தற்கொலை முயற்சி அப்போது குற்றம். அங்கே நீதிபதி முன்னால் அவர் தீக்குச்சி கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்டு பேசினார் என்றொரு கதை சினிமாக்காரர்கள் வாய்வழியாக வந்தது. எல்லோரும் அதை அவருடைய நடிப்புத் திறமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அதைக் கேட்கும்போதெல்லாம் பயந்துபோகிறேன்.

மார்ச் 10, காலை 8.20

"அவர் பாடல்களிலேயே அவர் வாழ்க்கை இருக்கிறது" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

'பிறக்கும்போதும் அழுகின்றாய்' 1960ல் வந்தது. 'ஒண்ணுமே புரியலே உலகத்திலே' 1961. 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' 1962. அவர் கொடிகட்டிப் பறந்த வருடங்கள் இவை. 1958ல் 'சபாஷ் மீனா', அதே வருடம் 'நாடோடி மன்னன்'. 1959ல் 'சகோதரி' படத்தை முடித்துவிட்டுப் பார்த்தால் சோர்வாக இருக்கிறது என்று ஏவி.எம். அவரைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு நகைச்சுவைப் பகுதியை எடுத்துச் சேர்த்தது. படம் அதனாலேயே ஓடியது. 'நான் ஒரு முட்டாளுங்க' அதில்தான். ஆக, தோல்வியைப் பற்றிய அந்தப் பாடல்களை அவர் பாடியது ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில். எழுதியவர்களும் கவிஞர்கள், அவர் இல்லை. செத்த பிறகு நாம் பின்னாலிருந்து படித்து, எல்லாவற்றையும் ஜாதகமாக்கிவிட்டோம்.

அப்படி ஆக்கும்போது ஒன்று தொலைந்துபோகிறது: அவருடைய உழைப்பு. 'சோகத்தில் பாடினார், அதனால் நன்றாக இருக்கிறது' என்பது அந்தக் கலைஞனுக்குச் செய்கிற அநியாயம். யோடலிங் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது இருக்கிறதே, அடித்தொண்டையிலிருந்து பொய்க்குரலுக்குச் சட்டென்று தாவி அதே வேகத்தில் இறங்குவது. ஸ்வரம் ஒரு இழை தப்பினால் நாராசமாகிவிடும். அதை நம் ஊர் மெட்டுக்குள் ஒட்டுத் தெரியாமல் வைத்தாரே, எத்தனை நாள் பயிற்சி இருக்க வேண்டும்! 1954ல் 'பெண்' படத்தில் 'கல்யாணம் வேணும் வாழ்வில்' பாட்டுக்குத் திரையில் வாயசைப்பவர் வீணை எஸ். பாலச்சந்தர், குரல் சந்திரபாபு. சங்கீதம் கரைத்துக் குடித்த பாலச்சந்தருக்கே இவர் குரல் கொடுத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 10, இரவு 9.45

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்காக இதையும் எழுத வேண்டும். 'கவலை இல்லாத மனிதன்' கண்ணதாசன் எடுத்த படம். சந்திரபாபுதான் கதாநாயகன். கண்ணதாசன் ஒரு நாள் படப்பிடிப்புக்கு அழைத்துப்போக அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து காத்திருக்க, தூங்குவதாகச் சொல்லப்பட்ட சந்திரபாபு பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று கண்ணதாசனே வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படத்தால் கண்ணதாசனுக்குக் கடன்.

ஒரு தயாரிப்பாளராகத் தான் பின்னாளில் பட்டதை, ஒரு நடிகராக அதற்கு முன்பே இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னால் அவர்மேல் பிரியம் உள்ளவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் அவர்மேல் பிரியம்தான். என் சீனியர், நரம்பு பிடிப்பதில் கில்லாடி என்றேனே, அவர் என்னிடம் கைமாற்று வாங்கிவிட்டு எதிரில் வந்தால் சந்தில் திரும்பிவிடுவார். அதற்கு முன்பு தன் சம்பளத்திலிருந்து எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பழக்கம் முற்றினால் இரண்டு பேரும் ஒரே உடம்பில் இருப்பார்கள். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் பதில் வராது.

மார்ச் 12, மதியம் 1.30

நாகேஷ் வந்து சந்திரபாபுவின் இடத்தைப் பிடித்ததும் ஒரு காரணமா என்ற பேச்சு வந்துவிட்டதால்: ஆமாம், அதுவும் காரணம்தான். 1964ஐப் பாருங்கள். 'ஆண்டவன் கட்டளை'யில் சந்திரபாபுவின் 'சிரிப்பு வருது' வந்த வருடம். அதே வருடம்தான் நாகேஷின் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும். ஒரு பக்கம் வருவாரா மாட்டாரா என்று செட்டே காத்திருக்க வேண்டிய ஒருவர், இன்னொரு பக்கம் ஒரே நாளில் பல படங்களுக்கு ஓடி ஓடி நடித்துக் கொடுக்கிற ஒருவர். பணம் போட்டவர் யாரைக் கூப்பிடுவார்? இதில் சதி எதுவும் தேவையில்லை.

மார்ச் 12, மதியம் 1.50

சாவித்திரி பெயரையும் ஒருவர் இழுத்திருக்கிறார். 'மாடி வீட்டு ஏழை'யிலும் அவர்தான், 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்திலும் அவர்தான். சொந்தப் படம் எடுத்து நொடித்து, குடியில் விழுந்து, மாதக்கணக்கில் கோமாவில் கிடந்து 1981 டிசம்பரில் போனார். சந்திரபாபு கதையைச் சொல்லும்போது "கலைஞன், உணர்ச்சிவசப்பட்டவன்" என்கிறோம். அதே கதையைச் சாவித்திரிக்குச் சொல்லும்போது நம் குரல் மாறிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

மார்ச் 14, இரவு 11.00

"கூட இருந்தவர்கள் எங்கேயாவது சேர்த்துச் சரி செய்திருக்கக் கூடாதா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

அம்மா, எங்கே சேர்ப்பது? 1974 மெட்ராஸில் குடிநோய்க்கென்று தெரிந்த இடம் ஏது? கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போனால் 'பைத்தியம்' என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும், நடிகனுக்குக் கேட்கவே வேண்டாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது 1980ல். இன்றைக்கு எல்லோரும் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுதான். சந்திரபாபு போய் ஆறு வருடம் கழித்து. அப்படி ஒரு இடம் பத்து வருடம் முன்னாலேயே இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பெத்தடின் மாதிரி ஓபியாய்டு வகை மருந்துக்கு இன்னும் கஷ்டம். நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, தூக்கமே வராது. மன உறுதியைக் கொண்டு மட்டும் கடக்கிற விஷயம் இல்லை. என் சீனியரை வீட்டில் ஒரு அறைக்குள் பூட்டி வைத்தார்கள். மாமனார் கோயிலில் கயிறு கட்டி வந்தார். நான் போய் ஜன்னல் வழியாகப் பேசினேன். வியர்த்து ஊற்றிக்கொண்டே என்னிடம் தியேட்டர் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பூட்டைத் திறந்துவிடச் சொல்லி என்னைத் தாஜா செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சிரித்தேன். அவ்வளவு நன்றாகச் சொல்வார்.

மார்ச் 15, காலை 6.40

ராத்திரி எழுதியதை வைத்துக்கொண்டு "அப்போ யார் மேலும் தப்பு இல்லை, எல்லாம் நோய்" என்று முடித்துவிடாதீர்கள். அப்படியும் நான் நினைக்கவில்லை. படம் ஓடுகிற வரைக்கும் அவர் குடிப்பதைத் தொழிலில் இருந்தவர்கள் ஒரு 'ஸ்டைல்' ஆகவே ரசித்தார்கள். ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, பாராட்டில் பூரித்துப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டார் என்ற கதையை எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கட்டுக்கடங்காத ஆள் என்பதுதானே அவருக்கிருந்த கிராக்கி! மார்க்கெட் இருந்தபோது குறும்பு என்ற அதே குணம், இறங்கியதும் திமிர் என்று ஆனது. என் சீனியரை ராஜினாமா வாங்கி அனுப்பினார்களே, அவர்களும் நோய் என்று நினைத்து அனுப்பவில்லை, தங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கக் கூடாது என்றுதான் அனுப்பினார்கள். நோய் ஒரு பக்கம், நோயாளியை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மார்ச் 19, இரவு 8.15

கேள்வி கேட்டவர் தன் கல்லூரிப் பெண்ணுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறார். யோசிக்கவே வேண்டாம், 'சபாஷ் மீனா'வையே இன்னொரு தடவை போடுங்கள். சிவாஜி கணேசன் இருக்கிற ஃபிரேமில் கண்ணை இன்னொருவர் பக்கம் இழுப்பது லேசுப்பட்ட காரியமா? இரட்டை வேடம். நண்பனுக்காக ஆள் மாறிப் போய் மாட்டிக்கொள்கிற படித்த இளைஞன் ஒருவன், ரிக்‌ஷாக்காரன் ஒருவன். மேக்கப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலாமவன் நிற்கும்போது எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறவன் மாதிரி எடை முன்னங்காலில் இருக்கும். ரிக்‌ஷாக்காரன் பூமியை மிதித்து நிற்பான், தோள் இறங்கியிருக்கும், பேச்சில் மெட்ராஸ் பாஷை தண்ணீராக ஓடும். பெண்ணிடம் முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு நடையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஆள் என்று நடையிலேயே தெரியும்.

அடுத்து 'மரகதம்' படத்தின் 'குங்குமப் பூவே'. ஜமுனாராணியோடு பாடியது, சுப்பையா நாயுடு இசை. முழுப் பாட்டிலும் அவர் குரலில் ஒரு புன்னகை இருக்கிறது. பாடிக்கொண்டே புன்னகைத்தால் உதடு விரிந்து ஒலி மாறும், அது ரெக்கார்டில் பதிந்திருக்கிறது. அப்புறம் 'புதையல்' படத்தில் பட்டுக்கோட்டையார் எழுதிய 'உனக்காக எல்லாம் உனக்காக'. அவர் எப்படிச் செத்தார் என்பதை இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் சொன்னால் அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் பரிதாபப்படுவாள்.